தீவிர சிகிச்சையில் தொடர் இ.இ.ஜி. கண்காணிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடக்கும் ஒருவரின் மூளை மின்னலைகளை மணிக்கணக்கில், தேவைப்பட்டால் நாள்கணக்கில், இடைவிடாமல் பதிந்து பார்க்கும் மருத்துவ முறை தொடர் இ.இ.ஜி. கண்காணிப்பு எனப்படும். உடலில் அசைவே இல்லாமல் மூளைக்குள் மட்டும் நீளும் வலிப்பைக் கண்டுபிடிப்பதே இதன் முதன்மையான வேலை. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் தலைமாட்டுத் திரையில் நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருக்கும். மூளை எப்படியிருக்கிறது என்று அந்தத் திரை சொல்வதில்லை. கண்மணியில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், கிள்ளினால் கையை இழுக்கிறாரா என்று பார்ப்பதும், எப்போதாவது எடுக்கும் ஸ்கேனும்தான் பல இடங்களில் மூளையைப் பற்றிக் கிடைக்கும் தகவல். வலிப்பு ஓடிக்கொண்டிருப்பதை இவை மூன்றாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அசைவில்லா வலிப்பு

வலிப்பு என்றதும் கைகால் வெட்டி இழுப்பதும் வாயில் நுரை தள்ளுவதும் நினைவுக்கு வரும். அது வலிப்பின் வெளித்தோற்றம் மட்டுமே. ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில், கட்டுக்கு அடங்காமல், திரும்பத் திரும்ப மின்துடிப்பை வெளியிடுவதுதான் வலிப்பு. உடலை அசைக்கும் மூளைப் பகுதிகளை அது எட்டினால் உடல் வெட்டும். எட்டாவிட்டால் நோயாளி சும்மா படுத்திருப்பதாகவே தோன்றும். பெரிய வலிப்பு நெடுநேரம் நீடித்தாலும் இதே நிலை வரலாம். முதலில் பலமாக இருந்த வெட்டு, போகப் போக விரல்நுனித் துடிப்பாகவும் இமைத் துடிப்பாகவும் தேய்ந்து, கடைசியில் அதுவும் நின்றுவிடும். மூளைக்குள் மின்வலிப்பு மட்டும் தொடரும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் இந்தச் சிறு அடையாளங்களும் தெரிய வாய்ப்பில்லை.

கூர்ந்து பார்த்தால் சிலரிடம் குறிகள் கிடைக்கும். கண்கள் இரண்டும் ஒரே பக்கம் செருகி நிற்கும், கண்மணி காரணமின்றி விரிந்து சுருங்கும், உதடோ கன்னமோ லேசாகத் துடிக்கும், இதயத் துடிப்பு திடீரென எகிறி இறங்கும். பெரும்பாலானோரிடம் இவையும் இருப்பதில்லை.

எவ்வளவு நேரம் நீடித்தால் ஆபத்து என்பதற்குப் பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015-இல் இரண்டு எல்லைகளை வகுத்தது. தானாக நிற்க வாய்ப்பில்லை என்று கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டிய நேரம் முதல் எல்லை. நீடித்த பாதிப்பு வரக்கூடிய நேரம் இரண்டாவது. உடல் முழுவதும் வெட்டும் வலிப்புக்கு இவை 5 நிமிடமும் 30 நிமிடமும். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவை மங்கச் செய்யும் வலிப்புக்கு 10 நிமிடமும் 60 நிமிடத்துக்கு மேலும். முதல் எல்லையைத் தாண்டியதெல்லாம் தொடர் வலிப்பு.

காலம் கடந்தால் ஏன் இவ்வளவு கெடுதி? 1973-இல் பிரையன் மெல்ட்ரமும் அவருடைய சகாக்களும் லண்டனில் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வு இதற்கு அடித்தளம் இட்டது. குரங்குகளின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்து, செயற்கையாக மூச்சு கொடுத்து, வலிப்பை மூளைக்குள் மட்டும் ஓடவிட்டார்கள். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இல்லாத நிலையிலும் நரம்பணுக்கள் சேதமடைந்தன. ஆக, உடலின் துடிப்பை நிறுத்துவதாலேயே மூளை காப்பாற்றப்பட்டுவிடாது. பின்னர் கிளாட் வாஸ்டர்லைன் போன்றோரின் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வலிப்பு நீள நீள, அதை அடக்கும் காபா ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. தூண்டிவிடும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மேற்பரப்பில் பெருகுகின்றன. லோராசெபாம், மிடாசோலாம் போன்ற முதல்வரிசை மருந்துகள் காபா ஏற்பியின் வழியாகவே வேலை செய்பவை. முதல் சில நிமிடங்களில் எளிதில் அடங்கும் வலிப்பு, ஒரு மணி நேரம் கழித்து அதே மருந்துக்கு அடங்காமல் போவதன் காரணம் இதுதான்.

வரைவுக் கருவி வந்த வழி

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை 1875-இல் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் அறிவித்தார். மனித மூளை மின்னலைகளை ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலில் பதிந்தார். 1929-இல்தான் அதை வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகே ஐயம் நீங்கியது. மறு ஆண்டே பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும், சிறுவர்கள் சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவிழக்கும் வலிப்பின்போது நொடிக்கு மூன்று வீதம் எழும் கூர்முனை அலைகளை விவரித்தார்கள். அசைவில்லாமலும் வலிப்பு வரும் என்பதற்கு மின்வரைவில் கிடைத்த முதல் தெளிவான சான்று அது. மின்முனைகளைத் தலையில் எங்கெங்கே பொருத்துவது என்ற 10–20 முறையை ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் ஒழுங்குபடுத்தினார். இன்றும் உலகெங்கும் அதுதான் வழக்கம்.

ஆனால் காகிதச் சுருளில் பேனா எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் முழுவதையும் பதிவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 1969-இல் லண்டனில் டக்ளஸ் மேனார்ட், பமீலா பிரையர் குழுவினர் மின்னலையின் உயரத்தை மட்டும் சுருக்கிக் காட்டும் கருவியைச் செய்தார்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளில் அதன் வாரிசுகள் இன்றும் உள்ளன. முழுமையான தொடர் பதிவு 1990-களில் கணினியோடுதான் வந்தது.

எத்தனை பேருக்கு

இந்த முறையின் தேவையை உணர்த்தியவை சில ஆய்வுகளே. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ராபர்ட் டிலோரென்சோ குழுவினர் 1998-இல் 164 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் வெட்டி இழுக்கும் தொடர் வலிப்பு வந்து, மருந்தால் உடல் வெட்டு நின்றிருந்தது. அடுத்த 24 மணி நேரம் இ.இ.ஜி. பதிந்தபோது 48 சதவீதம் பேருக்கு மின்வலிப்பு தொடர்ந்திருந்தது. 14 சதவீதம் பேர் அசைவில்லாத தொடர் வலிப்பிலேயே இருந்தார்கள். கண்ணால் பார்த்து வலிப்பு நின்றது என்று முடிவு கட்டியிருந்தால், இவர்கள் அனைவரும் மருந்து மயக்கத்தில் தூங்குகிறார்கள் என்றே கருதப்பட்டிருப்பார்கள். 2000-இல் அதே நகரிலிருந்து ஆலன் டவுன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வலிப்பின் எந்த வெளிக்குறியும் இல்லாமல் கோமாவில் கிடந்த 236 பேரைப் பற்றியது. அவர்களில் 8 சதவீதம் பேருக்குத் தொடர் வலிப்பு இருந்தது.

எவ்வளவு நேரம் பதிய வேண்டும் என்பதற்கு விடை தந்தது, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசென் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 570 பேர். 19 சதவீதம் பேருக்கு வலிப்பு பதிவானது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அசைவில்லா வலிப்பு மட்டுமே. முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குள் 88 சதவீதம் பேரிடம் தெரிந்துவிட்டது. ஆனால் கோமாவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் வலிப்பைக் காண ஒரு நாளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கமாக எடுக்கும் 20 அல்லது 30 நிமிட இ.இ.ஜி. ‘நார்மல்’ என்று வந்ததால் நிம்மதி அடைவதில் உள்ள அபாயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பச்சிளங்குழந்தைகளிடம் கண் இன்னும் மோசமாக ஏமாறுகிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் 2008-இல் வெளியான ஆய்வில், பிறந்த குழந்தைகளிடம் பதிவான 526 மின்வலிப்புகளில் 179-க்கு மட்டுமே உடலில் ஏதேனும் அடையாளம் இருந்தது. அனுபவமுள்ள ஊழியர்கள் கண்டுபிடித்தவை 48. மறுபுறம், வலிப்பு என்று அவர்கள் குறித்துவைத்தவற்றில் பெரும்பகுதி வலிப்பே அல்ல. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைக்குப் பினோபார்பிட்டோன் கொடுத்தபின் கைகால் வெட்டு நின்று, மூளையின் வலிப்பு மட்டும் நீடிப்பது அடிக்கடி நடப்பது. வலிப்பே இல்லாத குழந்தைக்கு மருந்து ஏற்றுவதும், வலிப்பு ஓடும் குழந்தையைத் தூங்கவிடுவதும் ஒரே அறையில் நடக்கக்கூடும் என்பதுதான் இந்த எண்கள் தரும் செய்தி.

யாருக்குச் செய்ய வேண்டும்? வலிப்பு நின்றபின்னும் விழிப்பு திரும்பாதவர்கள் முதலில். மூளைக் காயம், மூளைக்குள் இரத்தக் கசிவு, மூளைக்காய்ச்சல் உள்ளவர்கள், மாரடைப்பில் இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள், காரணம் விளங்காமல் நினைவு மங்கியவர்கள் அடுத்து. மூளையில் எந்த நோயும் இல்லாதவருக்கும் இது வரலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அளவு குறைக்காமல் செபிபைம் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நினைவு மங்கித் தொடர் வலிப்பில் முடிவதுண்டு. மருந்தை நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பதால் இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. அமெரிக்க நரம்புத் தீவிர சிகிச்சைச் சங்கத்தின் 2012 நெறிமுறை, வலிப்பு தொடர்கிறது என்று ஐயம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் இ.இ.ஜி. தொடங்க வேண்டும் என்கிறது. கோமாவில் உள்ளவருக்கு 48 மணி நேரமாவது பதியச் சொல்கிறது.

படுக்கையருகே

டெக்னீஷியன் தலையை அளந்து, முடியை விலக்கி, தோலைத் துடைத்து, சுமார் இருபது மின்முனைகளைப் பசையால் ஒட்டுகிறார். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் கொலோடியன் என்ற பிசின் தேவை. மூளையிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துகள்தான். ஐ.சி.யூ.வில் அதைச் சூழ்ந்து எல்லாமே மின்சாரம். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீர் குலுங்கினாலும், டயாலிசிஸ் இயந்திரம் ஓடினாலும், பிசியோதெரபிஸ்ட் நெஞ்சைத் தட்டினாலும், தாய் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாலும் வலிப்பைப் போலவே ஒழுங்கான அலைகள் பதியும். அதனால்தான் கூடவே வீடியோவும் ஓட வேண்டும். அந்த நொடியில் படுக்கையருகே என்ன நடந்தது என்று பார்க்காமல் வரைவை மட்டும் படிப்பவர் தவறுவார். மின்முனையின் அடியில் தோல் புண்ணாவதும் உண்டு. தினமும் யாராவது பார்த்து இடம் சரிசெய்ய வேண்டும்.

ஒரு நாள் பதிவைப் பக்கம் பக்கமாகப் படிக்க மணிக்கணக்கில் ஆகும். இதற்காக, அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, வண்ணப் பட்டையாகச் சுருக்கிக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. பல மணி நேரம் ஒரே திரையில் அடங்கும். வலிப்பு வந்த இடங்கள் அந்தப் பட்டையில் சுடர்போல் எழுந்து நிற்கும். பயிற்சி பெற்ற செவிலியர் இவற்றைப் பார்த்து மருத்துவரை அழைக்கலாம். ஆனால் சிறிய, குறுகிய இடத்து வலிப்புகள் பட்டையில் தப்பிவிடும் என்பதால் மூல வரைவைப் பார்க்காமல் முடிவெடுப்பது சரியல்ல.

எது வலிப்பு

நிபுணர்களிடையே இன்றும் விவாதம் ஓயாத பகுதி இது. ஓர் எல்லை தெளிவானது. கூர்முனை அலைகள் நொடிக்கு 2.5-க்கு மேல் 10 நொடியாவது ஓடினால், அல்லது ஓர் அலைக்கோலம் இடத்திலோ வேகத்திலோ வடிவத்திலோ படிப்படியாக மாறி வளர்ந்து 10 நொடி நீடித்தால், அது மின்வலிப்பு. தொடர்ந்து 10 நிமிடமோ, எந்த ஒரு மணி நேரத்திலும் மொத்தம் 20 சதவீதமோ அது இருந்தால் மின்வரைவில் தொடர் வலிப்பு. 2013-இல் உருவான சால்ஸ்பர்க் அளவுகோலும், அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் சங்கம் 2021-இல் புதுப்பித்த சொல்லடைவும் இந்த எல்லையை உலகுக்குப் பொதுவாக்கின. அந்த 20 சதவீதம் வெறும் வசதிக்காக வைத்த எண் அல்ல. டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் 2014 ஆய்வில், ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் வலிப்பில் இருந்த குழந்தைகளிடமே நரம்பியல் சரிவு கூடுதலாகத் தெரிந்தது.

சிக்கல், நொடிக்கு ஒன்றுக்கு மேல் 2.5 வரை வரும் தாள அலைகளில் இருக்கிறது. இவை வலிப்பா, அடிபட்ட மூளையின் வெறும் முனகலா? சிலரிடம் அந்தப் பகுதி வலிப்பின்போதுபோலவே சர்க்கரையை எரிப்பதையும், மூளைத் திசுவில் நெருக்கடி தெரிவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு சிலரிடம் ஈரல் செயலிழப்போ மருந்து நஞ்சோதான் காரணம். இங்கே செய்யத்தக்கது, வேகமாக வேலை செய்யும் வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது. வரைவும் தெளிந்து நோயாளியும் தெளிந்தால் அது வலிப்பு. வரைவு மட்டும் மாறினால் எதையும் நிரூபிக்காது.

கண்டபின் என்ன

முதலில் லோராசெபாம் போன்றவை, பிறகு லெவெடிராசெட்டம், வால்புரோயேட், பாஸ்பெனிடாயின் இவற்றில் ஒன்று. இந்த மூன்றும் ஏறக்குறைய சமம் என்பதையும், ஒவ்வொன்றும் பாதிப் பேரிடமே பலிக்கிறது என்பதையும் 2019-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதற்கும் அடங்காவிட்டால் மிடாசோலாம், புரோபோபால், கெட்டமின், தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள். இந்தக் கட்டத்தில் இ.இ.ஜி. இல்லாமல் சிகிச்சை செய்வது, வேகமானி இல்லாத வண்டியை ஓட்டுவது போல. மருந்து போதுமா, மிகுந்துவிட்டதா, குறைக்கும்போது வலிப்பு திரும்புகிறதா என எதுவுமே தெரியாது. மயக்க மருந்தும் சும்மா இருப்பதில்லை. இரத்த அழுத்தத்தை வீழ்த்தும், தொற்றை வரவழைக்கும். அசைவில்லா வலிப்பு எல்லாவற்றுக்கும் உடனே ஆழ்மயக்கம் என்று பாய்வதைப் பல நிபுணர்கள் ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் ஆந்த்ரேயா ரொசெட்டி தலைமையில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, இந்தத் துறைக்கே கடுமையான சோதனை. நினைவு மங்கிய பெரியவர்கள் 364 பேரில் ஒரு பாதிக்கு 30 முதல் 48 மணி நேரத் தொடர் பதிவு, மறுபாதிக்கு 20 நிமிட இ.இ.ஜி. இரண்டு முறை. தொடர் பதிவில் மூன்று மடங்குக்கும் அதிகமானோரிடம் வலிப்பு தெரிந்தது. ஆறு மாத இறப்பில் வேறுபாடு இல்லை. 2022-இல் நெதர்லாந்து மருத்துவர்கள், இதயம் நின்று மீண்டு கோமாவில் இருந்த 172 பேரிடம், வரைவில் தெரிந்த தாள அலைகளை மருந்தால் அடக்கிப் பார்த்தார்கள். அடக்கியவர்களில் 90 சதவீதமும், அடக்காதவர்களில் 92 சதவீதமும் மோசமான முடிவையே அடைந்தார்கள்.

இவற்றைக் காட்டித் தொடர் இ.இ.ஜி. வீண் என்போர் உண்டு. அது அவசர முடிவு. ஆக்சிஜன் இல்லாமல் ஏற்கெனவே அழிந்த மூளையின் அலைகளை அடக்கிப் பயன் காணாததால், செபிபைம் நஞ்சாலோ மூளைக்காய்ச்சலாலோ வரும் வலிப்பை அடக்குவதும் பயனற்றது என்றாகாது. கனடாவில் பிரையன் யங் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், அசைவில்லா வலிப்பைக் கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு மேல் தாமதமானவர்களில் நான்கில் மூன்று பேர் இறந்தார்கள். விரைவில் கண்டறியப்பட்டவர்களில் இறந்தோர் அதில் பாதி அளவே. நோயின் கடுமையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற வாதத்தை மறுக்க முடியாது. எனினும், வலிப்பின் காரணம்தான் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும், அந்தக் காரணம் தீரக்கூடியதாக இருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் பெறுமதியுள்ளது என்பதும் இரண்டும் உண்மை.

எளிய வழிகள்

இருபத்துநான்கு மணி நேரமும் டெக்னீஷியனும் நரம்பியல் மருத்துவரும் கிடைக்கும் மருத்துவமனைகள் உலகில் குறைவு. இதற்கு மூன்று திசைகளில் வழி தேடப்பட்டிருக்கிறது. முதலாவது, நோயாளியைத் தரம் பிரித்தல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆரன் ஸ்ட்ரக் முதலியோர் 2017-இல் வகுத்த மதிப்பெண் முறையில், முதல் ஒரு மணி நேர வரைவில் தெரியும் ஐந்து கூறுகளும், நோயாளிக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதும் எண்ணப்படுகின்றன. மதிப்பெண் சுழி என்றால் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம், அந்த ஒரு மணி நேரமே போதும். ஒன்று என்றால் 12 மணி நேரம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் ஒரு நாளாவது பதிய வேண்டும். இரண்டாவது, செவிலியரே சில நிமிடங்களில் தலையைச் சுற்றிக் கட்டிவிடக்கூடிய பத்து மின்முனைப் பட்டை. மூன்றாவது, அலையை ஒலியாக்குதல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பர்விசியும் இசைத்துறைப் பேராசிரியர் கிறிஸ் சேஃபும் சேர்ந்து, மூளை அலையை மனிதக் குரல்போன்ற ஒலியாக மாற்றினார்கள். இ.இ.ஜி. படிக்கத் தெரியாத மருத்துவ மாணவர்களும் செவிலியரும் கேட்டே வலிப்பை இனம் கண்டது 2018-இல் வெளியானது. தலையின் உச்சிப் பகுதியில் மட்டும் எழும் வலிப்பு, தலையைச் சுற்றிக் கட்டும் பட்டைகளில் விடுபடலாம் என்பது அவற்றின் குறை.

இந்தியாவுக்கு இந்தச் சிக்கன வழிகள் மிகவும் பொருந்தும். காசநோய் மூளையுறை அழற்சி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மூளைச் சிரை இரத்த உறைவு போன்ற, வலிப்பைக் கொண்டுவரும் நோய்கள் இங்கே மிகுதி. அவற்றில் பலவும் இளவயதினரைத் தாக்குபவை, சிகிச்சைக்கு இணங்குபவை. இரண்டு நாள் தொடர் பதிவு இயலாத மருத்துவமனையிலும் ஒரு மணி நேர இ.இ.ஜி. எடுத்து, தேவையானால் மறுநாள் மீண்டும் எடுக்க முடியும். சுவிட்சர்லாந்து ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது.

வலிப்பு நின்றுவிட்டது என்று சொல்லப்பட்டும் நோயாளி கண் திறக்காமல் இருந்தால், இ.இ.ஜி. எடுக்கப்பட்டதா என்று கேட்க உறவினர் தயங்க வேண்டாம். வலிப்பு எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, முன்பு வலிப்பு மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினாரா, அண்மையில் என்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதை எழுதி மருத்துவரிடம் தாருங்கள்.